நான்கு செங்கல் உயரம்

மின்சார பில்லின் பின்பக்கம்
வீட்டை வரைகிறேன்.
முன்பக்கம் அறுபத்தேழு வெள்ளி நாற்பது காசு.
பின்பக்கம் ஒரு கட்டம், ஒரு கதவு,
வேலியோரம் பதினான்கு புள்ளிகள்.
மிளகாய் ஆறு, கத்தரி மூன்று, வெண்டை நான்கு.
கடைசிப் புள்ளி கறிவேப்பிலை;
அது காகிதத்திலும் அடங்காமல்
ரொஹாயா வீட்டுப் பக்கம் சாய்கிறது.

பகாவில் நாலு மணிக்கு மழை வரும்.
வரும்,
செம்பனைக்கு மேலே கறுத்து நிற்கும்,
ஆலைப் புகையோடு கொஞ்ச நேரம் பேசும்,
பிறகு ரயில் பாதை தாண்டி
யார் வீட்டுத் தகரத்திலோ போய்ப் பெய்யும்.
மூன்று வாரமாய் எனக்குச் சத்தம் மட்டும்.

கையுறைத் தொழிற்சாலையில் இந்த வாரம் இரவு ஷிப்ட்.
அடுத்த வாரம் பகல்.
அதற்கடுத்தது வாட்சப்பில் வரும்.
திருமாறன் ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறான்,
பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து
தூங்கிவிட்டுப் போகிறான்.
யாழிசை பாலிடெக்னிக் விடுதியில்.
இந்த வீட்டில்
எங்கும் கிளம்பாதவை பதினான்கு.

வோங் கடையில் விசாரித்தேன்.
"எத்தனை ஏக்கர்?"
கார் நிறுத்துகிற இடத்தில் பாதி, என்றேன்.
சிரிக்கவில்லை. அதற்காகவே அங்கு வாங்கினேன்.
அரை அங்குலக் குழாய் பன்னிரண்டு மீட்டர்,
சொட்டுவான் பதினான்கு, உடைந்தால் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு.
"டிரம்மில் இருந்து விடுவதாக இருந்தால்
பந்து வால்வு டைமர்தான் சரி.
மலிவானது அழுத்தம் இல்லாமல் வாய் திறக்காது."
நாற்பத்தைந்து வெள்ளி.
ஓவர்டைம் ஐந்து மணி நேரம் என்று
மனசு தானாகப் பெருக்கி வகுத்தது.

டிரம் ஏனென்றால்
காலை ஆறரைக்குத் தாமான் முழுக்கக் குளிக்கும்;
குழாயில் வருவது
ஊசியில் கோக்கலாம் போன்ற தண்ணீர்.
நடுச்சாமம் இரண்டு மணிக்குத்தான் அது
தண்ணீர் மாதிரி வரும்.
அப்போது நிறைந்துகொள்ளட்டும்,
மிதவை தானே மேலேறி மூடிவிடும்.

டைமர் மூன்றே கேள்வி கேட்டது:
எப்போது,
எவ்வளவு நேரம்,
எத்தனை நாளுக்கு ஒருமுறை.
திருமாறனிடம் நான் கேட்பதும் இதே மூன்றுதான்.
இது பதிலை மறக்காது.

ஞாயிறு ஒத்திகை.
திருகினேன். ஒரு சின்ன உறுமல்,
பிறகு மிளகாய் ஆறும் முந்திக்கொண்டு குடித்தன.
கத்தரிக்குப் பரவாயில்லை.
வெண்டையில் மூன்றாவதுக்கு
கண்ணீர் துடைத்த மாதிரி ஈரம்.
நான்காவதுக்கு இல்லை.
கறிவேப்பிலைக்கு இல்லவே இல்லை.
ஊருக்கு மழை பெய்கிற அதே விதி
என் குழாய்க்குள்ளும் வந்துவிட்டது.

எங்கே ஒழுகுகிறது என்று குழாயைத் தடவிக்கொண்டே
பின்கட்டுக்குப் போனேன்.
சலவை இயந்திரத்தின் சாம்பல் நிற ஹோஸ்
கால்வாயில் விழுகிற இடம்.
அங்கே, யாரும் நடாத ஒரு பாகல்,
ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி
கூரை விளிம்பில் மஞ்சளாய்ப் பூத்திருந்தது.
என் வரைபடத்தில் அதற்குப் புள்ளி கிடையாது.

ஷிப்ட் முடிந்து வந்ததும்
ரப்பர் நாற்றம் போக யூனிஃபார்மைப் போடுவேன்,
பட்டனைத் தட்டுவேன், படுத்துவிடுவேன்.
நான் தூங்கத் தூங்க
முப்பது லிட்டர் சோப்பு நீர்
நேரம் தவறாமல்.
ஆறு காய். ஒன்று பழுத்து வெடித்து
சிவப்பு விதையைக் காட்டிக்கொண்டு தொங்கியது,
வாய்விட்டுச் சிரிக்கிறவள் மாதிரி.

வோங்குக்குப் படம் அனுப்பினேன்,
பாகலை அல்ல, கறிவேப்பிலையை.
உடனே பதில்:
டிரம்மைத் தூக்கு. நாலு செங்கல்.

திருமாறன் வெள்ளிக்கிழமை வருகிறான்.
நிறைந்த டிரம்மை என்னால் அசைக்க முடியாது.
வாளி வாளியாக மொண்டு
கறிவேப்பிலைக்கு ஊற்றிக் காலி செய்கிறேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் ரொஹாயா,
செங்கல் இருக்கிறதா என்று கேட்டால்
"மூணுதான் இருக்கு" என்கிறாள் மலாயில்.

மூன்றை வைத்துப் பார்க்கலாம்.